கடிகாரம் சொன்ன பொய்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"பத்து நிமிடம் பேசினால் போதும்" என்று தலைமையாசிரியர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். எந்தக் கடிகாரப்படி பத்து நிமிடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிரிக்கிறீர்கள். ஆனால் நான் பேச வந்த பொருளே அதுதான். ஒரே வீட்டில் இருக்கும் கணினிகள் ஆளுக்கொரு நேரம் காட்டினால் என்ன நடக்கும்? அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது? இது கணினிக் கடைக்காரரின் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். இதனால் ஒரு பிள்ளையின் மனம் நொந்த கதை ஒன்று உண்டு. நோகடித்தவள் வேறு யாருமல்லள், உங்கள் முன் நிற்கும் நானேதான்.

2021-ஆம் ஆண்டு. பெருந்தொற்றுக் காலம். 2020 மார்ச் 18-ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு எத்தனை வடிவம் எடுத்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பகலில் பெற்றோர் கைப்பேசியோடு வேலைக்குப் போய்விடுவதால் நான் சோதனைகளை இரவில் வைப்பேன். சரியாக 8 மணிக்குச் சோதனை திறக்கும். 8.30 ஆனதும் தானாக மூடிக்கொள்ளும். அந்த 8.30 என்பது எங்கோ இருக்கும் பெரிய கணினியின் கடிகாரப்படி. நம் வீட்டுக் கடிகாரத்தை அது கேட்பதில்லை.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் விடை மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. "டீச்சர், மணி எட்டு எட்டுதான் ஆச்சு, அதுக்குள்ள மூடிக்கிச்சு." நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை தாண்டியிருந்தது. கணினித் திரையைப் படம் பிடித்தும் அனுப்பினாள். அதில் 8.08 என்றுதான் இருந்தது. நேரத்தை மாற்றி வைத்துப் படம் எடுத்திருக்கிறாள் என்று நானே முடிவுகட்டினேன். "படிக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, பொய் சொல்லாதே" என்று பதில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் அவள் தந்தை அழைத்தார். கோபம் இல்லை, குரலில் வருத்தம்தான் இருந்தது. "டீச்சர், எம் மவ தப்பு செஞ்சா திட்டுங்க. பொய் சொன்னான்னு மட்டும் சொல்லாதீங்க. ராத்திரியெல்லாம் அழுதுட்டா. ஒரு தடவ வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க."

கட்டுப்பாடு தளர்ந்த ஒரு சனிக்கிழமை மாலை போனேன். பெஸ்தாரி ஜெயாவுக்கும் ஈஜோக்கிற்கும் இடையில் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் வீடு. மகளுக்கு இரண்டாம் கையாக வாங்கிய பழைய மேசைக்கணினி. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணனுக்கு ஒரு மடிக்கணினி. இணைய இணைப்பு? அப்பாவின் கைப்பேசிதான். அதுவும் வீட்டுக்குள் 'லைன்' கிடைக்காததால் சன்னல் கம்பியில் ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதிலிருந்துதான் இரண்டு கணினிக்கும் இணையம் வரும். அப்பா வேலைக்குப் போனால் இணையமும் கூடவே போய்விடும்!

நான் எல்லாக் கடிகாரத்தையும் பார்த்தேன். கைப்பேசியில் மணி 5.40. அண்ணனின் மடிக்கணினியில் 5.40. அந்தப் பிள்ளையின் கணினியில் 5.18. சுவர்க் கடிகாரத்தில் 5.45, ஏனென்றால் அம்மா அதை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார். ஒரு கூரைக்கு அடியில் மூன்று நேரம்! பிள்ளை சொன்னது மெய். பொய் சொன்னது கடிகாரம். மெய்யான நேரம் 8.22 ஆனபோதுதான் அவள் கணினியில் 8 மணி. எட்டு நிமிடத்தில் சோதனை மூடிக்கொண்டது.

அப்போது வாசலில் அமர்ந்திருந்த பாட்டி சொன்னார்: "அந்தக் காலத்துலயும் இதே கததான் டீச்சர். அவரு வீட்டுக் கடிகாரத்தப் பாத்துத்தான் பெரட்டுக்குப் போனாரு. ஆபீசு கடிகாரம் முன்னால ஓடுது. பேரு கூப்பிட்டு முடிச்சாச்சு, வீட்டுக்குப் போன்னுட்டாங்க. ஒரு நாள் சம்பளம் போச்சு. எங்க கடிகாரத்துல நேரமாகலியேன்னாரு. பொய் சொல்றான்னாங்க."

எனக்குத் தலையில் அடித்தது போல் இருந்தது. அன்று அந்தப் பெரியவரிடம் சொன்ன அதே சொல்லை நான் அவர் பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அவ்விடத்திலேயே அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுவாரம் வகுப்பார் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். சோதனையையும் மீண்டும் வைத்தேன். ஆனால் கடிகாரத்தின் நோய் தீர வேண்டாமா? அதற்கு முதலில், நேரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

பெரியோர்களே, ஒரு காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நேரம். கதிரவன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்குப் பகல் 12 மணி. இரயில் வந்த பிறகு இது செல்லவில்லை. நம் முன்னோர் கப்பலேறிய தமிழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டு வானாய்வகம் ஒன்று எழுந்தது. அதன் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஆய்வகத்தின் நேரம் தந்திக் கம்பி வழியே போக, இந்திய இரயில் நிலையங்கள் 'சென்னை நேரம்' பார்த்து ஓடின. இந்தியா முழுமைக்குமான பொது நேரம் 1906 சனவரி முதல் நாள்தான் வந்தது. தூரத்தில் இருக்கும் கடிகாரங்கள் ஒரு தலைமைக் கடிகாரத்தைக் கேட்டுத் திருந்திக்கொள்வது என்னும் வழி, கணினி பிறப்பதற்கு முன்பே இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்த மண்ணில் நேரம் பல தடவை மாறியிருக்கிறது. 1941 செப்டம்பரில் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னே என்று வைத்தார்கள். சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி முன்னே. 1945-இல் மறுபடியும் ஏழரை. பிறகு 1981 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12 ஆக்கச் சொன்னார்கள். தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பதற்காக 1982 சனவரி முதல் எட்டு மணி முன்னே என்று ஆயிற்று. "அர மணி நேரத்த முழுங்கிட்டாங்க டீச்சர்" என்று பாட்டி அதையும் சொல்லிச் சிரித்தார். அதுவரை காலை ஆறே முக்கால் வாக்கில் உதித்த கதிரவன், மறுநாள் ஏழே கால் வாக்கில் உதித்தான். கதிரவன் மாறவில்லை, நம் கடிகாரம்தான் மாறியது. இன்று மலேசியாவின் நேரத்தைச் சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு பேணிவருகிறது. சீசியம் அணு 9,192,631,770 முறை அதிர்ந்தால் ஒரு நொடி என்று 1967-இல் உலக நாடுகள் வகுத்துக்கொண்டன. அதுதான் அளவு.

சரி, நம் வீட்டுக் கணினிக்குள் இருப்பது என்ன? சின்னப் படிகக்கல் ஒன்று. நொடிக்கு 32,768 முறை அது துடிக்கும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் கணினி நேரம் சொல்கிறது. பத்து இலட்சத்தில் இருபது துடிப்பு பிசகினால் ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் நொடி, மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் தவறும். வெயிலும் குளிரும் பட்டாலும் துடிப்பு மாறும். ஆகவே எந்தக் கணினியும் தானாகச் சரியான நேரம் காட்டாது. அடிக்கடி மேலே கேட்டுத் திருந்திக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு என்.டி.பி. என்றொரு நெறிமுறை இருக்கிறது. 1985-இல் அதை வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்கர். பிறவியிலேயே கண்ணோய் கொண்டவர், பார்வைக் குறையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவர், பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர். 2024 சனவரியில் மறைந்தார். மாணவச் செல்வங்களே, குறையைக் காட்டிப் படிப்பை நிறுத்தாதீர்கள் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

அவருடைய முறையை ஒரு தோட்டத்துக் கணக்காகச் சொல்கிறேன், கவனியுங்கள். உங்கள் வீட்டுக் கடிகாரம் தவறு. ஆபீசுக் கடிகாரம் சரி. நேரம் கேட்டுவரத் தம்பியை அனுப்புகிறீர்கள். வீட்டுக் கடிகாரத்தில் 6.00 மணிக்குப் புறப்படுகிறான். ஆபீசுக் கடிகாரத்தில் 6.12-க்குப் போய்ச் சேர்கிறான். அங்கே 6.13-க்குப் புறப்பட்டு, வீட்டுக் கடிகாரத்தில் 6.11-க்குத் திரும்பி வருகிறான். போய்வர 11 நிமிடம். அதில் ஆபீசில் நின்றது 1 நிமிடம். நடந்தது 10. ஒரு வழிக்கு 5. ஆபீசை விட்டபோது 6.13, வழியில் 5, ஆக இப்போது சரியான நேரம் 6.18. வீட்டுக் கடிகாரம் காட்டுவது 6.11. எனவே அது 7 நிமிடம் பின்தங்கி இருக்கிறது! கணினியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. அதற்கு நடை கண்சிமிட்டும் நேரம்தான். போகும் வழியும் வரும் வழியும் ஒரே தூரம் என்று நம்பிப் போடும் கணக்கு இது. ஒன்று மேடாகவும் ஒன்று பள்ளமாகவும் இருந்தால் சற்றுப் பிசகும்.

இனி அந்த வீட்டுக் கணினிக்கு நான் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். ஒரே தடவையில் குணமானது என்று பெருமை பேச மாட்டேன். மூன்று தடவை போக வேண்டியிருந்தது.

முதலில் நேர வலயம் தவறு என்று நினைத்தேன். பார்த்தால் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சரியாகவே இருந்தது. பிறகு 'நேரத்தைத் தானாக அமை' என்னும் பொத்தானைப் பார்த்தேன். அணைந்து கிடந்தது. விற்றவரோ வாங்கியவரோ எப்போதோ அணைத்திருக்க வேண்டும். அதைத் திறந்து, 'சிங்க் நவ்' என்பதை அழுத்தினேன். நேரம் 22 நிமிடம் தாவிச் சரியாயிற்று. காப்பி குடித்துவிட்டு வெற்றியோடு வீடு திரும்பினேன்.

மறுவாரம் மறுபடியும் அழைப்பு. "டீச்சர், ஒம்பது நிமிசம் கொறையுது." போய் விசாரித்தேன். இரவு படுக்கும்போது மின்சாரச் செலவு கருதிச் சுவர்ச் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்கள். நல்ல பழக்கந்தான். அணைந்திருக்கும் வேளையில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி. அது சோர்ந்துபோனால் கடிகாரமும் சோர்ந்துபோகும். பகலில் கணினியைத் திறந்தால், இணையம் அப்பாவோடு செம்பனைக் காட்டில் இருக்கிறது. நேரம் கேட்க வழியில்லை. மாலையில் அப்பா வந்து இணைப்புக் கிடைத்தாலும் கணினி உடனே கேட்பதில்லை, தன் முறை வரும்போதுதான் கேட்கும். பேட்டரி ஒரு பக்கம், இணையம் இல்லாமை ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்ததுதான் நோய். அண்ணனின் மடிக்கணினிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பேட்டரி நல்லது, தானாக அமைக்கும் பொத்தானும் திறந்தே இருந்தது.

பேட்டரி வாங்கி வருவதற்குள் அந்த நோய் முற்றிவிட்டது. ஒருநாள் கணினி 2009-ஆம் ஆண்டு என்று காட்டியது. எந்த இணையப்பக்கமும் திறக்கவில்லை, "பாதுகாப்பில்லை" என்று எச்சரித்தது. 'வைரஸ் வந்துடுச்சு' என்று வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டார்கள். வைரசுமில்லை, ஒன்றுமில்லை. ஒவ்வோர் இணையத்தளத்திற்கும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று ஓர் அடையாளச் சான்று உண்டு. கணினி 2009-இல் நின்றுகொண்டு பார்த்தால், 2021-இன் சான்று இன்னும் பிறக்கவே இல்லை! அதனால்தான் மறுத்தது. 'சிங்க் நவ்' அழுத்தினேன், அதுவும் பலிக்கவில்லை. வீட்டுக் கணினியில் நேரம் 15 மணிக்கு மேல் தவறியிருந்தால் விண்டோசு அந்தத் திருத்தத்தை வழக்கமாக ஏற்காது. 'இவ்வளவு பெரிய மாற்றத்தை யாரோ ஏமாற்றச் சொல்கிறார்கள்' என்பது போன்ற எச்சரிக்கை அது. முதலில் ஆண்டு, மாதம், நாள், மணியைக் கையால் வைத்தேன். பிறகு அழுத்தினேன், ஏற்றுக்கொண்டது. கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, சி.ஆர். 2032 என்னும் அந்தக் காசு பேட்டரியை மாற்றினோம். சில வெள்ளிக் காசுதான் செலவு. மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் பார்க்கச் சொன்னேன். சரியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் சரி. அப்போதுதான் நோய் தீர்ந்தது என்று நம்பினேன்.

வீட்டில் கணினி வைத்திருப்போர் மனத்தில் கொள்ளச் சில குறிப்புகள் சொல்கிறேன். மலரில் வரும், வெட்டி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

1. திருத்துவதற்கு முன் தவற்றை அளந்து எழுதுங்கள். எவ்வளவு தவறு என்பதே என்ன நோய் என்று சொல்லிவிடும்.

2. ஒன்றிரண்டு நிமிடம் என்றால் படிகக்கல்லின் இயல்பான பிசகு. தானாக அமைக்கும் பொத்தானைத் திறந்தால் போதும்.

3. மணிக் கணக்கிலோ அரை மணிக் கணக்கிலோ துல்லியமாகத் தவறினால் நேர வலயத்தைப் பாருங்கள். இரண்டரை மணி பின்னே என்றால் இந்திய நேரத்தில் இருக்கிறது. ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் வைத்திருப்போர்க்குச் சரியாக எட்டு மணி தவறும். ஒன்று உள்கடிகாரத்தை உலக நேரமாகவும் மற்றொன்று நம் நேரமாகவும் படிப்பதே காரணம்.

4. அணைத்துத் திறக்கும்போதெல்லாம் பின்தங்கினால், அல்லது ஆண்டே மாறினால், பேட்டரி.

5. ஒரு கணினியைப் பார்த்து மற்றதைத் திருத்தாதீர்கள். குருடனுக்குக் குருடன் வழிகாட்டியது போலாகும். எல்லாக் கணினியும் ஒரே மூலத்தைக் கேட்கட்டும். கைப்பேசியில் நேரம் தானாக அமையும்படி வைத்திருந்தால், சரிபார்க்க அதுவே போதும்.

6. இணைப்பு எப்போதாவதுதான் கிடைக்கும் வீடுகளில், கிடைத்தவுடன் ஒரு தடவை 'சிங்க் நவ்' அழுத்தும் பழக்கம் வேண்டும்.

7. அண்ணனும் தங்கையும் ஒரே கோப்பைப் பகிர்ந்து எழுதினால் மிகுந்த கவனம். பின்னே ஓடும் கணினியில் இன்று எழுதியது, முன்னே ஓடும் கணினியில் முன்பு எழுதியதைவிடப் பழையதாகத் தோன்றும். 'புதியது எது' என்று நேரத்தைப் பார்த்து ஒன்றை அழித்தால், உழைப்பெல்லாம் போய்விடும்.

பெற்றோர்களே, கோலசிலாங்கூர் மலாவத்தி மலைமேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தை நம் பிள்ளைகள் சுற்றுலாவில் பார்த்திருக்கிறார்கள். எத்தனை படகு போனாலும் எல்லாருக்கும் அந்த ஒரே விளக்கு. படகுக்குப் படகு ஒரு விளக்கு வைத்திருந்தால் கரை தெரியாது. நேரமும் அப்படித்தான்.

ஆனால் இந்த உரையில் நான் கற்ற பெரிய பாடம் கணினிப் பாடமன்று. நேரம் தவறி வருபவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். அவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து வந்தார் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பாட்டியின் கணவரை அன்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் சம்பளம் போயிற்று. அவர் பேத்தியை நானும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை இரவெல்லாம் அழுதது. பெற்றோரானாலும் ஆசிரியரானாலும் மேற்பார்வையாளரானாலும், 'பொய்' என்று சொல்வதற்கு முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

அந்தப் பிள்ளை இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் இரண்டு வீடுகளில் கணினிக் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்தாளாம். "மொதல்ல எவ்வளவு கொறையுதுன்னு எழுதிக்கிட்டேன் டீச்சர்" என்றாள். இங்கே இன்று பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு என் வாழ்த்து. எனக்குக் கிடைத்த பரிசு அவள் சொன்ன அந்த ஒரு வரி.

தலைமையாசிரியர் தம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அது சரியாக ஓடுகிறது என்றே நம்புகிறேன்.